எந்த ஊரில் குடியிருக்கலாம்?
வெயிலும் மழையும் காற்றும் சொல்லும் பதில்

"அப்பா! இனி அந்த ஊர் வேண்டாம். சென்னைக்கு வந்துவிடுங்கள்."

"இங்கே என்னடா குறை?"

"என்ன குறையா? மழை வேண்டும்போது மழை இல்லை. வந்தால் புயலாக வருகிறது. தோப்பு முழுவதும் சாய்ந்து கிடக்கிறது. இன்னும் எதற்காக அங்கே இருக்க வேண்டும்?"

2018-ம் ஆண்டு நவம்பர் மாதம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடந்தது. "கஜா" புயல் அடித்து ஓய்ந்த நேரம் அது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். ஊரில் இருந்த பெற்றோர் யோசித்தார்கள்.

போவதா? இருப்பதா?

இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டும் அல்ல. மனிதன் தோன்றிய நாளிலிருந்து கேட்டுவரும் கேள்வி. எங்கே வெயில் தாங்கும்? எங்கே தண்ணீர் கிடைக்கும்? எங்கே காற்று நல்லபடி வீசும்? அங்கே குடியிருப்போம் என்றுதான் மனிதன் ஊர் ஊராக நடந்தான்.

குளிர் தேடிப் போனவர்கள்

கொடைக்கானல் எப்படி ஊர் ஆயிற்று தெரியுமா?

1834-ம் ஆண்டு அமெரிக்கப் பாதிரிமார்கள் மதுரைக்கு வந்து தங்கினார்கள். குளிர் நாட்டில் பிறந்தவர்கள். மதுரை வெயில் அவர்களை வாட்டியது. வெயிலைவிட அதிகமாகக் காய்ச்சலும் காலராவும் வாட்டின. பலர் இறந்தார்கள்.

"குளிர்ச்சியான இடம் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் நாம் யாரும் மிஞ்ச மாட்டோம்" என்ற நிலை வந்தது.

முதலில் திண்டுக்கல் அருகே உள்ள சிறுமலையைப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. இன்னும் உயரம் போனார்கள். பழனி மலையில், சுமார் 7,000 அடி உயரத்தில், 1845-ல் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். அதுதான் இன்றைய கொடைக்கானலின் தொடக்கம்.

உயரம் போனால் ஏன் குளிர்கிறது? ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் சுமார் மூன்றரை டிகிரி குறையும். கீழே 100 டிகிரி வெயில் கொளுத்தும்போது 7,000 அடி உயரத்தில் 75 டிகிரிதான் இருக்கும். வெள்ளைக்காரர்கள் ஊட்டியைத் தேடிப் போனதும் இதற்காகத்தான். கோடை வந்தால் சென்னை அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போய்விடும்!

வெயில் தேடிப் போனவர்கள்

நாம் குளிரைத் தேடுகிறோம். குளிர் நாட்டுக்காரர்கள் வெயிலைத் தேடுகிறார்கள்.

அமெரிக்காவின் வடக்குப் பகுதியில் பனி கொட்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர்கள், "இனிமேல் பனியை அள்ளிக் கொட்ட நம்மால் ஆகாது" என்று தெற்கே போய்விடுகிறார்கள். சிலர் புளோரிடாவுக்குப் போகிறார்கள். சிலர் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸ் நகருக்குப் போகிறார்கள்.

போனவர்கள் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்களா?

2023-ம் ஆண்டு கோடையில் பீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரியும் அதற்கு மேலும் வெயில் அடித்தது. அந்த ஆண்டில் அந்த வட்டாரத்தில் வெப்பத்தால் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். புளோரிடாவில் 2022 செப்டம்பரில் "இயான்" என்ற பெரும் புயல் அடித்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

பனியிலிருந்து தப்பியவர்கள் வெயிலில் மாட்டிக்கொண்டார்கள். வெயிலில் குளிர்காயப் போனவர்களைப் புயல் பிடித்துக்கொண்டது.

குறை இல்லாத ஊர் உலகில் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டையைப் பார்ப்போம்.

வானம் பார்த்த பூமி

புதுக்கோட்டை ஒரு காலத்தில் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானம். 1948-ல் இந்தியாவுடன் இணைந்தது. 1974-ம் ஆண்டு ஜனவரி மாதம் தனி மாவட்டம் ஆயிற்று.

இந்த மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறும் அக்கினியாறும் அம்புலியாறும் மழை பெய்தால் ஓடும். மழை நின்றால் மணல்தான். கல்லணைக் கால்வாய் வழியாக வரும் காவிரித் தண்ணீர் அறந்தாங்கிப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. மற்ற ஊர்களுக்கு வானம்தான் துணை.

மழை எவ்வளவு? ஆண்டுக்கு 30 முதல் 36 அங்குலம். சென்னையில் சுமார் 55 அங்குலம் பெய்கிறது. மேகாலயாவில் உள்ள மௌசின்ராம் என்ற ஊரில் 460 அங்குலத்துக்கு மேல் பெய்கிறது!

புதுக்கோட்டையில் ஏன் குறைவு? தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டும். இந்தப் பக்கம் வெறுங்காற்று வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்றுதான் நமக்கு மிச்சம். இடையிடையே மாலையில் இடி இடித்து மழை பெய்வதும் உண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று வரும். ஆண்டு மழையில் பாதி அந்தச் சில வாரங்களில் பெய்துவிடும். அது பொய்த்தால் ஆண்டே பொய்த்தது. 2016-ல் அப்படித்தான் நடந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசாங்கம் அறிவித்தது.

இப்படிப்பட்ட ஊரில் மனிதர்கள் எப்படிக் குடியிருந்தார்கள்? ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல்!

பாறைக்குள் படுக்கை

புதுக்கோட்டைக்கு அருகில் சித்தன்னவாசல் இருக்கிறது. ஓவியத்தைப் பார்க்கப் பலர் போகிறார்கள். அதே மலையில் "ஏழடிப்பட்டம்" என்று ஓர் இடம் உண்டு. அது இயற்கையாக அமைந்த ஒரு குகை. உள்ளே வழவழப்பான கல் படுக்கைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. தலை வைக்கும் இடம் சற்று உயரமாக, கல் தலையணை போல இருக்கிறது.

சமண முனிவர்கள் இங்கே தங்கித் தவம் செய்தார்கள். ஒரு படுக்கையில் பழைய தமிழ் எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. அது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது.

முனிவர்கள் ஏன் பாறையைத் தேர்ந்தெடுத்தார்கள்? தனிமைக்காக என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அங்கே போய் உட்கார்ந்து பார்த்தால் உடம்பே சொல்லும். வெளியே வெயில் சுடும். உள்ளே குளுகுளு என்று இருக்கும். கனத்த பாறைக்குள் வெயில் எளிதில் இறங்காது.

ஆஸ்திரேலியாவில் கூபர் பீடி என்று ஓர் ஊர் உண்டு. அங்கே ரத்தினக் கல் தோண்டுகிறவர்கள் பூமிக்குள் வீடு குடைந்து வாழ்கிறார்கள். வெளியே 105 டிகிரி என்றால் உள்ளே 75 டிகிரிதான். மின்சார விசிறிகூட வேண்டாம். "என்ன அதிசயம்!" என்று உலகமே வேடிக்கை பார்க்கிறது. இந்த யோசனை சித்தன்னவாசல் முனிவர்களுக்கு எப்போதோ வந்துவிட்டது.

கடலை விட்டு வந்த வணிகர்கள்

நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் ஊர்கள் காரைக்குடிப் பக்கம் மட்டும் அல்ல, புதுக்கோட்டை மாவட்டத்திலும் இருக்கின்றன. இராயவரம், அரிமளம், கடியாபட்டி, குழிபிறை, பனையப்பட்டி என்று பல.

அவர்கள் முன்பு காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்தார்கள் என்றும், பிறகு இந்த வறண்ட பூமிக்கு வந்தார்கள் என்றும் அவர்களுடைய வழிவழிச் செய்தி கூறுகிறது. கடல் பொங்கி ஊரை அழித்ததால் வந்தார்கள் என்று ஒரு கதை. சோழ மன்னனோடு மனத்தாங்கல் என்று வேறொரு கதை. எது எப்படியோ, கடலுக்குத் தொலைவாக, மேட்டு நிலத்தில் குடியேறினார்கள்.

பிறகு பர்மா, மலேயா, இலங்கை என்று வாணிபம் செய்து பொருள் ஈட்டினார்கள். பணத்தைக் கொண்டுவந்து எங்கே வீடு கட்டினார்கள்? ரங்கூனிலா? இல்லை. வெயில் கொளுத்தும் சொந்த ஊரில்!

அந்த வீடுகளைப் பார்த்தால் வெயிலை எப்படி வெல்லலாம் என்று தெரியும்.

வாசல் ஒரு தெருவில் இருக்கும். கொல்லை வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வீடு நேராகப் போகும். முன் கதவையும் பின் கதவையும் திறந்தால் காற்று வீட்டுக்குள் புகுந்து ஓடும்.

நடுவில் திறந்த முற்றம். சூடான காற்று மேலே கிளம்பி அதன் வழியே வெளியேறிவிடும். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். வெயில் உள் அறைகளைத் தொடாது.

சுவர் கனமானது. சுண்ணாம்பும் முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்துப் பூசியது. தொட்டால் சில்லென்று இருக்கும். கூரையில் நாட்டு ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குப் போட்டார்கள். ஓடுகளுக்கு இடையே உள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும்.

மழை பெய்தால் நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழும். அண்டாவும் குண்டானும் வைத்துப் பிடித்துக்கொள்வார்கள்.

எல்லோராலும் அப்படி அரண்மனை கட்ட முடியுமா? முடியாது. ஆனால் ஏழையின் கூரை வீட்டிலும் இதே அறிவு இருந்தது. மண் சுவர், கீற்றுக் கூரை, சாணம் மெழுகிய தரை, வாசலில் வேப்ப மரம். இவையும் வெயிலைத் தடுத்தன. காங்கிரீட் தளம் போட்ட வீடு உறுதியானது. மழைக்கும் தீக்கும் பயம் இல்லை. ஆனால் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் அதை உள்ளே கக்குகிறது.

குளம் வெட்டி வானத்தை வென்றார்கள்

வீடு மட்டும் போதுமா? தண்ணீர் வேண்டாமா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களும் ஏரிகளும் குளங்களும் இருக்கின்றன. புதுக்கோட்டை நகரை ஒட்டியுள்ள கவிநாடு கண்மாய் கடல் போல விரிந்தது. இவற்றில் பல, மனிதன் கையால் வெட்டியவை.

சில வாரங்களில் கொட்டும் மழையை ஆண்டு முழுவதும் வைத்துக் காப்பாற்ற வேண்டும். அதற்கு ஒரு சங்கிலி அமைத்தார்கள். மேட்டில் உள்ள குளம் நிரம்பினால் கலிங்கு வழியே தண்ணீர் வழியும். வரத்து வாரியில் ஓடி அடுத்த குளத்தில் சேரும். அது நிரம்பினால் அதற்கு அடுத்த குளம். ஒரு சொட்டும் வீணாகாது.

குளத்தின் நடுவே இரண்டு கல் தூண் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதற்குக் குமிழித்தூம்பு என்று பெயர். அடியில் ஒரு கல் தொட்டி. அதில் மேலே ஒரு துளை, கீழே சில துளைகள். மேல் துளையைத் திறந்தால் தண்ணீர் போகும். கீழ்த் துளைகள் வழியே சேறும் வெளியேறும். தண்ணீர் பாய்ச்சும்போதே குளம் தூர்வாரப்படும்! இந்தத் தூம்பை இன்னார் செய்து வைத்தார் என்று கல்வெட்டு வெட்டி வைத்த தூண்களும் இந்த மாவட்டத்தில் உண்டு.

குடிக்க ஊருணி, பாசனத்துக்குக் கண்மாய், மழைக்கும் நிழலுக்கும் கோயில் காடு. அந்தக் காட்டில் ஒரு கிளையை ஒடித்தாலும் சாமி குற்றம் என்றார்கள்.

நல்ல பருவநிலை உள்ள ஊரை அவர்கள் தேடிப் போகவில்லை. இருந்த ஊரைக் குடியிருக்கத் தக்கதாகச் செய்தார்கள்.

ஒரே மாவட்டம், வேறு வேறு வானிலை

இந்த மாவட்டத்துக்குள்ளேயே பருவநிலை ஒரே மாதிரி இல்லை.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் ஆகியவை கடலோர ஊர்கள். மதியத்துக்குப் பிறகு கடல் காற்று வரும். வெப்பம் தணியும். ஆனால் புழுக்கம் அதிகம். சில இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். புயல் வந்தால் முதல் அடி இந்தப் பக்கத்தில்தான்.

விராலிமலை, பொன்னமராவதி ஆகியவை உள்நாட்டு ஊர்கள். பாறையும் மேடும் அதிகம். வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆனால் புழுக்கம் குறைவு. மார்கழியில் விடியற்காலைக் குளிர் இதமாக இருக்கும்.

ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் ஆகிய ஊர்கள் மூன்றாவது வகை. செம்மண் பூமி. பலாவும் தென்னையும் வாழையும் பூவும் விளையும். அந்தப் பக்கம் போனால், "இது புதுக்கோட்டையா, கேரளமா?" என்று தோன்றும்.

அந்தச் சோலையைத்தான் கஜா அடித்தது.

ஒரே இரவில்...

2018 நவம்பர் 16-ம் தேதி. நள்ளிரவு கழிந்த நேரம். புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 60 முதல் 75 மைல் வேகத்தில் காற்று வீசியது. கரையைக் கடந்தும் அதன் வேகம் உடனே அடங்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் புகுந்து மேற்கே போனது.

விடிந்தபோது தென்னந்தோப்புகள் தரையில் கிடந்தன. பாட்டன் வைத்த பலா மரங்கள் வேரோடு சாய்ந்திருந்தன. மின் கம்பங்கள் முறிந்தன. பல ஊர்களில் நாள் கணக்கில் விளக்கு எரியவில்லை. மின்சாரம் இல்லாததால் ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியவில்லை.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. பக்கத்தில் இருந்த குளங்கள் தூர்ந்து போயிருந்தன. பல நூறு அடி ஆழத்தில் இருந்த தண்ணீரை நம்பிக் கண் முன்னே இருந்த குளத்தை மறந்திருந்தார்கள்!

புயல் வந்த ஊரை விட்டுப் போய்விட வேண்டுமா? சில இடங்களில் வேறு வழி இருக்காது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயலும் கடலும் அழித்தன. அது குடியிருக்கத் தகுந்த இடம் அல்ல என்று அரசாங்கம் முடிவு செய்தது. அங்கே மறுபடியும் ஊர் எழவில்லை.

ஆலங்குடிப் பக்கம் அப்படி அல்ல. அடுத்த ஆண்டு, 2019-ல், கொத்தமங்கலம் போன்ற ஊர்களில் இளைஞர்கள் ஒன்று சேர்ந்தார்கள். கையிலிருந்த பணத்தைப் போட்டார்கள். வெளிநாட்டில் இருந்த ஊர்க்காரர்களும் பணம் அனுப்பினார்கள். இயந்திரம் கொண்டுவந்து குளங்களைத் தூர்வாரினார்கள். வரத்து வாரிகளைத் திறந்துவிட்டார்கள்.

வீடு கட்டும் முன் பாருங்கள்

ஓய்வு பெற்றபின் எங்கே குடியிருக்கலாம் என்று யோசிப்பவர்கள் உண்டு. மகனுக்கு மனை வாங்க நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

1. மனையைக் கோடையில் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஐப்பசி மழையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று தெரியும்.

2. அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். குளமாகவோ வாரியாகவோ இருந்திருந்தால் வேண்டாம். தண்ணீர் தன் பழைய பாதையை மறக்காது.

3. சித்திரை, வைகாசியில் பக்கத்துக் கிணறுகளில் எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்று விசாரியுங்கள். மார்கழியில் நிறைந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

4. மாலை வெயில்தான் வீட்டை அதிகம் சுடும். மேற்குப் பக்கம் மரம் வையுங்கள். ஆனால் வீட்டை ஒட்டி வைக்காதீர்கள். புயலில் வீட்டின் மேலேயே விழும்.

5. எதிரெதிரே ஜன்னல் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால் காற்று வராது.

6. கூரைத் தண்ணீரைத் தெருவில் விடாதீர்கள். தொட்டியில் சேருங்கள். அல்லது கிணற்றுப் பக்கம் நிலத்தில் இறக்குங்கள்.

7. வயதானவர்கள் வீட்டில் இருந்தால் குளிர் ஊர் நல்லது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். ஆஸ்துமாவும் மூட்டு வலியும் உள்ளவர்களில் பலருக்குக் குளிர் ஆகாது. ஒரு மாதம் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று. பருவநிலை நன்றாக இருந்தால் மட்டும் போதாது. நடுநிசியில் நெஞ்சு வலித்தால் கதவைத் தட்டிக் கூப்பிட அக்கம்பக்கம் வேண்டும். மருத்துவமனைக்குப் போகப் பாதை வேண்டும்.

போனார்களா? இருந்தார்களா?

கஜா புயலுக்குப் பிறகு சிலர் ஊரை விட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடன்பட்டு வளர்த்த தோப்பு ஒரே இரவில் போனால் யாருக்கும் மனம் விட்டுப்போகும். போக நினைத்தும் வழி இல்லாமல் இருந்துவிட்டவர்களும் உண்டு. கூலி வேலை செய்கிறவனுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் வசதி ஏது? அவன் இருக்கும் ஊரை நல்ல ஊராக வைத்திருப்பது எல்லோருடைய கடமை.

ஆனால் பலர் விரும்பியே இருந்தார்கள். விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தினார்கள். அதே குழியில் புதுக் கன்று வைத்தார்கள்.

நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். பலா இன்னும் காலம் எடுக்கும். எழுபது வயதில் கன்று வைப்பவர் தாம் காய் பறிக்கப் போவதாக எண்ணி வைப்பது இல்லை.

சென்னைக்குக் கூப்பிட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பெரியவர்கள் சொன்ன பதில் பெரும்பாலும் ஒன்றுதான்:

"அடுத்த லீவில் நீ வாடா. கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்."